கேள்வி: ரிப்போர்ட்டையெல்லாம் நோயாளி கையிலேயே கொடுத்தால் வீண் பயம்தானே வரும்?

பயம் வரத்தான் செய்யும். எங்கள் அம்மாவும் பயந்தார். ஆனாலும் கொடுக்கத்தான் வேண்டும் என்பேன்.

நாங்கள் ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம். அம்மா முப்பது வருஷம் காப்பித் தோட்டத்தில் பழம் பறித்தவர். சரிவிலேயே ஏறி இறங்கிய மூட்டு வலிக்காமல் இருக்குமா? சர்க்கரையும் உண்டு. அதற்காக இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டி வந்தோம். ரத்தம் எடுப்பார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, இதே மாத்திரையப் போடுங்க" என்பார். ரிப்போர்ட் அங்கேயே தங்கிவிடும். நாங்களும் கேட்டதில்லை.

கால் வீங்க ஆரம்பித்த பிறகுதான் பழைய ரிப்போர்ட்டுகளைக் கேட்டேன். தர முடியாது என்றார்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுத்தாக வேண்டும். அதைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் நகல் வந்தது.

அன்று ராத்திரி உட்கார்ந்து ஒரு நோட்டில் தேதிவாரியாக எழுதினேன். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், நம் பேச்சில் 'உப்பு', இரண்டு வருஷத்தில் 0.9, 1.1, 1.4, 1.7 என்று ஏறியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அன்றைய எண்ணை மட்டும் பார்த்தவர்களுக்கு அந்த ஏற்றம் கண்ணில் படவில்லை.

நோட்டை வேறொரு டாக்டரிடம் காட்டினோம். அந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "மூட்டு வலிக்கு என்ன சாப்பிடறீங்க?" அம்மா சுருக்குப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வாங்கி தினமும் போட்டுக்கொண்டிருந்த வலி மாத்திரை. எனக்கே தெரியாது. அந்த வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்குமாம். சர்க்கரை இருப்பவர்களுக்கு இன்னும் ஆபத்து. அன்றே நிறுத்தச் சொன்னார். மூன்று மாதத்தில் 1.3-க்கு இறங்கியது.

இதைத்தான் நான் பெரிய மாற்றமாகப் பார்க்கிறேன். ரிப்போர்ட் எங்கள் கைக்கு வந்ததால், அம்மாவின் பையில் கிடந்த விஷயம் டாக்டரின் காதுக்குப் போனது.

அமெரிக்காவில் 2010-இல் மூன்று இடங்களில், நூற்றுக்கும் மேற்பட்ட டாக்டர்கள் தாங்கள் எழுதும் குறிப்புகளை நோயாளிகள் படிக்கத் திறந்துவிட்டார்கள். ஒரு வருஷம் கழித்துக் கேட்டபோது, பதில் சொன்ன நோயாளிகளில் 99 சதவீதம் பேர் அது தொடர வேண்டும் என்றார்கள். ஒரு டாக்டர்கூட நிறுத்தவில்லை. 2021 முதல் அங்கே அது சட்டமே ஆகிவிட்டது. இங்கேயும் ஆபா (ABHA) என்கிற 14 இலக்க சுகாதாரக் கணக்கு எண் வந்திருக்கிறது. நம் சம்மதத்தோடு ரிப்போர்ட்டுகளை ஒரே இடத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

என் ஆதங்கம், எல்லாம் ஆங்கிலத்தில் இருப்பதுதான். பக்கத்தில் தமிழில் நாலு வரி இருந்தால் அம்மா யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். இப்போதும் ரிசல்ட் வந்ததுமே, "உப்பு எவ்வளவுன்னு சொல்லு கண்ணு" என்று லேப் பெண்ணிடம் கேட்டு, நோட்டில் தானே எழுதிக்கொள்கிறார்.

நீங்களும் கேட்பதானால் வாயால் கேட்காதீர்கள். தேதி போட்டு எழுதிக் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். அந்த 72 மணி நேரத்துக்கு அதுதான் கணக்கு.