பெயரை எங்கே எழுதுவது?

கேள்வி: ஐயா, நான் ஒரு பல்கலைக்கழகத்தில் தகுதிகாண் விரிவுரையாளர். என் இறுதியாண்டு மாணவி, கிணற்று நீரிலுள்ள நைத்திரேற்றைக் கைத்தொலைபேசிக் கமராவால் அளக்க மலிவான வழியொன்றைக் கண்டுபிடித்திருக்கிறாள். சைக்கிளில் ரெஜிபோம் பெட்டி கட்டி, யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் பக்கத்துக் கிணறுகளிலெல்லாம் தண்ணீர் எடுத்து வந்தாள். துறைத் தலைவர் ஆய்வுகூடத்தைத் திறந்துவிட்டதோடு சரி. இப்போது தன் பெயரை முதலில் போடச் சொல்கிறார். என் பதவி உறுதிப்படுத்தல் அவர் கையில். எங்கள் கட்டுரையை எப்படிக் காப்பாற்றுவது?
– விரிவுரையாளர், உரும்பிராய்

பதில்: எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுதவில்லை, கெட்டிக்காரிதான், பிள்ளை.

தோட்டத்து உரமும் மலக்குழி நீரும் சுண்ணக்கல் வழியே இறங்கிக் கிணற்றில் சேருகிற ஊர் இது. கைக்குழந்தைக்குக் கேடான நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டியிருக்கிறதா என்று கிணற்றடியிலேயே சொல்ல முடிந்தால், குழந்தைக்குப் பால்மா கரைக்கிற தாய்க்கு அதைவிட என்ன வேண்டும்? சின்ன வேலை அல்ல.

ஆய்வுகூடச் சாவி கொடுத்தவர் கட்டுரையின் ஆசிரியராகிவிட மாட்டார். மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு இதை எழுதியே வைத்திருக்கிறது: நிதி பெற்றுத் தந்ததும் பொதுவாக மேற்பார்வை செய்ததும் மட்டும் போதாது, அவர்களுக்கு இடம் நன்றியுரையில். (என் முதல் ஆய்வில் நன்றியுரைக்குப் போனது நான். தட்டச்சு செய்தவருக்கு ஒரு வரி மேலே.)

வாதாடப் போகாதீர்கள். ஒரு தாளில் கட்டம் போடுங்கள்: எண்ணம் யாருடையது, தண்ணீர் எடுத்தது யார், அளந்தது யார், எழுதியது யார். பெயர்களை அவரையே நிரப்பித் தரும்படி பணிவாகக் கேளுங்கள். "தண்ணீர் எடுத்தது" என்ற கட்டத்தில் தன் பெயரை எழுத எந்தப் பேனையும் கொஞ்சம் தயங்கும். தயங்காத பேனைகளும் உண்டு, பார்த்திருக்கிறேன். அப்போது பீடாதிபதியிடம் போகையில் அந்தத் தாள் கையில் இருக்கட்டும்.

பேராசிரியர் துரைராஜா கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவராக இருந்தவர். களிமண் பற்றிய 1963ஆம் ஆண்டுக் கட்டுரையில் ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோரின் பெயர்களோடு அவர் பெயரும் அச்சானது. மண் பொறியியல் படிக்கிறவர்கள் இன்றும் மூன்று பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள். பிறகு அவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். அந்த மூன்றாவது பெயரை யாராவது அன்று நன்றியுரைக்குத் தள்ளியிருந்தால்?

இன்னொன்று. கண்டுபிடித்தவள் அவள், சைக்கிள் மிதித்தவளும் அவள். நீங்களோ "எங்கள் கட்டுரை" என்கிறீர்கள். உங்கள் பட்டியலில் அவள் பெயர் எத்தனையாவது? இரண்டாவது என்றால், அந்தத் தாளைத் தலைவரிடம் கொடுக்குமுன் நீங்கள் ஒரு முறை நிரப்பிப் பாருங்கள்.