வெள்ளம் வடிந்த பிறகும் தெளியாத ஆறு

கேள்வி: நீர்த்தேக்கம் உடைந்தால் வெள்ளம் சில மணி நேரத்தில் வடிந்துவிடுகிறது, ஆற்று நீர் மட்டும் மாதக்கணக்கில் கலங்கலாகவே இருப்பது ஏன்? படிகாரம் இட்டுத் தெளிய வைக்க இயலாதா?

பதில்: வெள்ளம் வடிவது வேறு, அது அரித்து வந்த மண் அடங்குவது வேறு. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் டாம் சாக் நீர்மின் நிலையத்தின் மலைமேல் நீர்த்தேக்கம் 2005 டிசம்பர் 14 அன்று விடியற்காலையில் உடைந்தது. நீர்மட்டத்தை அளக்கும் உணரிகள் இடம்பெயர்ந்து குறைவான அளவைக் காட்டியதால், நிரம்பிய பிறகும் பம்புகள் நீரை ஏற்றிக்கொண்டேயிருக்க, கரைக்கு மேல் வழிந்த நீர் கரையையே அறுத்துவிட்டது. ஏறக்குறைய 50 லட்சம் கன மீட்டர் நீர் அரை மணி நேரத்திற்குள் சரிவில் பாய்ந்து, காட்டையும் மண்ணையும் அடிப்பாறை தெரியும்வரை வழித்தெடுத்து, பிளாக் ஆற்றின் கிழக்குக் கிளையில் கொண்டுபோய்க் கொட்டியது. நல்லவேளையாக உயிரிழப்பு எதுவுமில்லை.

இப்படி வந்து சேரும் மண்ணில் மணலால் பெரிய தொல்லையில்லை, 0.1 மில்லிமீட்டர் மணல்துகள் அசையாத நீரில் ஒரு மீட்டர் ஆழத்தை இரண்டு மூன்று நிமிடங்களில் கடந்துவிடும். ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள களிமண் துகளுக்கோ அதே ஆழம் இறங்க ஏறக்குறைய இரண்டு வாரம் வேண்டும், அதுவும் நீர் சற்றும் அசையாமலிருந்தால். இத்துகள்கள் எதிர்மின்னூட்டம் பெற்றிருப்பதால் ஒன்றையொன்று விலக்கித் தனித்தனியாகவே மிதக்கின்றன. போதாக்குறைக்கு, அரிபட்ட சரிவிலிருந்து ஒவ்வொரு மழையும் புதுக் களிமண்ணைக் கொண்டுவந்து சேர்க்கும்.

படிகாரம் அந்த மின்னூட்டத்தைத் தணித்துத் துகள்களைத் திரளச் செய்யும். தேங்கிய நீரில் இது பலன் தரும் என்றாலும், நீரின் காரத்தன்மையை அளந்துதான் இட வேண்டும். படிகாரத்தால் நீரின் அமிலத்தன்மை கூடினால், அதிலிருந்து கரையும் அலுமினியம் மீன்களின் செவுள்களைப் பாதிக்கும். ஓடும் ஆற்றில் அதை இடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்: திரண்ட சேறு அடித்தளத்துக் கூழாங்கற்களின் இடுக்குகளை அடைத்து, அங்குள்ள மீன்முட்டைகளுக்கும் பூச்சிப் புழுக்களுக்கும் ஆக்சிஜன் எட்டாமல் செய்துவிடும்.

ஆகவே நீர் கண்ணாடிபோல் தெரிவதை மட்டும் வைத்து ஆறு மீண்டுவிட்டதாகக் கொள்வது அவசரம். வறண்ட நாளின் கலங்கலளவைக் காட்டிலும் மழைக்கு மறுநாள் எடுக்கும் அளவே உண்மையைச் சொல்லும். சரிவில் புல்லும் மரமும் வேரூன்றிய பிறகே அந்த அளவு நிலையாகக் குறையும். பூச்சிகள் இதைவிட விரைவாகவே திரும்பக்கூடும். உடைப்பு வெள்ளம் தொடாத மேல்பகுதியிலிருந்து புழுக்கள் நீரோட்டத்துடன் இறங்கி வரும், வளர்ந்தவை பறந்து வந்து முட்டையிடும்.