டர்பன் போகும்போது லெசோத்தோவையும் மூன்று நாளில் பார்த்துவிட முடியுமா?

பார்க்கலாம், ஆனால் உங்கள் திட்டப்படி முடியாது. டிசம்பர் விடுமுறைக்கு டர்பனில் அக்கா வீட்டுக்கு வருகிறோம், நடுவில் மூன்று நாள் கிடைக்கிறது, அதற்குள் சானி கணவாய், காட்சே அணை, மலெட்சுன்யானே அருவி, தலைநகர் மசேரு நான்கையும் முடித்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். வரைபடத்தில் எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரிதான் தெரியும். சுற்றிலும் தென்னாப்பிரிக்கா, நடுவில் ஒரு பொட்டாக லெசோத்தோ. நான் ஜொகானஸ்பர்கில் இருப்பவன், நாலு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை அந்த வரைபடத்தை நம்பித்தான் கெட்டேன்.

கதை இதுதான். மசேருவில் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு, 'மத்தியானம் காட்சே, ராத்திரி திரும்பி மசேரு' என்று கிளம்பினோம். வடக்கே லெரிபே வரைக்கும் வண்டி பறந்தது. அதற்கப்புறம் மலை. மாஃபிகா லிசியு என்ற கணவாய் 3,090 மீட்டர் உயரம். ஏறும்போதே மேகம் இறங்கி, முன்னால் போகிற லாரியின் பின்விளக்குகூடத் தெரியவில்லை. திடீரென்று மேகத்துக்குள்ளிருந்து செம்மறியாட்டு மந்தை ஒன்று சாலையில் வந்து நின்றது. பின்னாலேயே கம்பளி போர்த்திய ஒரு பையன், காலில் ரப்பர் பூட்ஸ், எங்களைப் பார்த்துக் கையாட்டிவிட்டு அவன் பாட்டுக்கு நடந்தான். அவனுக்கு ஒரு அவசரமும் இல்லை. காட்சே போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. 185 மீட்டர் உயரமுள்ள அணைச்சுவரை நாங்கள் பார்த்தது காரின் ஹெட்லைட் வெளிச்சத்தில். இத்தனைக்கும் எங்கள் வீட்டுக் குழாயில் வருவதில் ஒரு பங்கு அந்த அணைத் தண்ணீர்தான். 1986 ஒப்பந்தப்படி லெசோத்தோ தன் மலைத் தண்ணீரைச் சுரங்கப்பாதை வழியாகத் தென்னாப்பிரிக்காவுக்கு விற்கிறது.

அதனால் முதல் புத்தி: அந்த ஊரில் கிலோமீட்டர் கணக்கை நம்பாதீர்கள். அந்த நாட்டின் மிகத் தாழ்வான இடமே கடல்மட்டத்துக்கு மேலே 1,400 மீட்டர். ஏற்காட்டைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அங்கிருந்து தொடங்கி 3,482 மீட்டர் வரை ஏற்றம்தான். நான்கு இடங்களில் மூன்றை அடித்துவிட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான் என்றால் அருவியை எடுப்பேன்.

சானி கணவாய் ஏன் வேண்டாம் என்றால், அது மோசம் என்பதால் இல்லை. டர்பனிலிருந்து அதுதான் கிட்ட. அண்டர்பர்க் என்ற ஊருக்குப் போய், அங்கிருந்து நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியில்தான் ஏற முடியும். அக்கா வீட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனால் தென்னாப்பிரிக்கப் பக்கத்துச் சோதனைச் சாவடியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். வளைவுகள் வயிற்றைப் புரட்டும், காட்சி அபாரம். ஆனால் ஒரு நாள் சுற்றுலாவாகப் போகிறவர்கள் 2,876 மீட்டர் உச்சியில் ஒரு குடிசையை எட்டிப் பார்க்கிறார்கள், 'ஆப்பிரிக்காவிலேயே உயரமான மதுக்கடை' என்று பலகை வைத்திருக்கும் இடத்தில் போட்டோ எடுக்கிறார்கள், பாஸ்போர்ட்டில் முத்திரையோடு இறங்கிவிடுகிறார்கள். 'லெசோத்தோ போய்வந்தேன்' என்று சொல்லிக்கொள்ள அது போதும். உங்களுக்கு அது போதுமென்றால் இதற்கு மேல் படிக்க வேண்டாம்.

சரி, அருவிக்கு வருவோம். டர்பனிலிருந்து ஜொகானஸ்பர்க் வழியாக மசேருவுக்கு விமானம் பிடியுங்கள். சாலை வழியாகச் சுற்றிப் போனால் ஒரு முழுப் பகல் வீண். மசேருவில் கார் எடுத்துக்கொண்டால் அருவிக்குப் பக்கத்து ஊரான செமோன்கோங் சுமார் 120 கி.மீ., தார்ச்சாலைதான், மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் மாதிரியே இடது பக்கம் ஓட்டுகிறார்கள். இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள், மாடும் குதிரையும் விளக்குப் போட்டுக்கொண்டு வராது. பெட்ரோலை மசேருவிலேயே நிரப்பிவிடுங்கள். செமோன்கோங்கில் இரண்டு ராத்திரி தங்குங்கள்.

செமோன்கோங் என்றால் புகை எழும் இடம் என்று அர்த்தம். மலெட்சுன்யானே ஆறு 192 மீட்டர் ஒரே வீழ்ச்சியாகப் பள்ளத்தில் விழுகிறது, திவலை கிளம்பிப் புகை மாதிரி நிற்கிறது. டிசம்பர் அங்கே மழைக்காலம் என்பதால் தண்ணீர் நிறைய இருக்கும். ஊரிலிருந்து அருவிக்கு ஜீப்பிலும் போகலாம். போகாதீர்கள், குதிரையில் போங்கள். பசோத்தோ என்கிற அந்த நாட்டுக் குதிரைகள் குள்ளமாக, சாதுவாக இருக்கும், செங்குத்துச் சரிவில் கல்லைப் பார்த்துப் பார்த்துக் கால் வைக்கும். நான் அதற்கு முன் குதிரையில் ஏறியதே இல்லை. எனக்கு வழிகாட்டியாக வந்தவர் அறுபது வயதுப் பெரியவர். கடிவாளத்தை என் கையில் கொடுத்துவிட்டு, 'அதற்கு வழி தெரியும், நீங்கள் சும்மா உட்காருங்கள்' என்றார். அருவிக்குப் பக்கத்தில் வந்தபோதுகூட எனக்குச் சத்தம் கேட்கவில்லை. குதிரைதான் முதலில் காதை விறைத்தது. இன்னும் பத்தடி போனதும் தரை சட்டென்று முடிந்தது, எதிர்ப்பக்கம் பாறைச்சுவரில் வெள்ளையாக ஒரு கோடு. சத்தம் அப்புறம்தான் வந்தது. அந்தச் சுவரில் 204 மீட்டர் கயிறு கட்டி இறக்கிவிடுகிறார்கள், கின்னஸ் பதிவெல்லாம் உண்டு. நான் அந்தப் பக்கமே போகவில்லை.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அருவியைவிட, போகிற வழி. பெரியவர் எதிரில் வந்த ஒவ்வொருவரிடமும் குதிரையை நிறுத்திப் பேசினார். 'டுமேலா' என்பது வணக்கம். எழுதுவது லுமேலா, அவர்கள் மொழியில் 'லி', 'லு' என்று எழுதினால் 'டி', 'டு' என்று உச்சரிக்க வேண்டும். நாட்டின் பெயரே உச்சரிப்பில் 'லெசூட்டு'தான். ஆண்களை 'ந்தாதே' என்பார்கள், அப்பா என்று அர்த்தம். பெண்களை 'ம்மே', அதாவது அம்மா. தெரியாதவரையும் அம்மா என்று கூப்பிட்டுப் பழகிய நமக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடையில் நேராக விலையைக் கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். 'டுமேலா ம்மே' என்று தொடங்கினால் முகம் மலர்ந்துவிடும். சின்னப் பிள்ளைகள் 'டிபொம்போங்' என்று கத்திக்கொண்டே வண்டிக்குப் பின்னால் ஓடிவருவார்கள். மிட்டாய் கேட்கிறார்கள். கொடுத்துப் பழக்காதீர்கள், சுற்றுலாப் பயணிகள் கற்றுக்கொடுத்த கெட்ட பழக்கம் அது.

சனிக்கிழமை செமோன்கோங்கில் இருக்கிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். கடைவாசலில் நம் ஊரில் பைக் நிற்கிற மாதிரி வரிசையாகக் குதிரைகள் கட்டியிருக்கும். மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் மக்காச்சோள மாவு மூட்டையைச் சேணத்தில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். எல்லார் மேலும் கம்பளிப் போர்வை, கோடைக்காலத்திலும்கூட. அதில் ஓடுகிற பட்டைக்கோடு மேலிருந்து கீழாக நிற்கும்படிதான் போர்த்த வேண்டும், அது வளர்ச்சிக்கு அடையாளமாம். நான் குறுக்காகப் போர்த்திக்கொண்டு நின்றதைப் பார்த்து ஒரு அம்மா சிரித்துக்கொண்டே வந்து, தோளிலிருந்து உருவி, திருப்பிப் போட்டு, பெரிய ஊக்கு ஒன்றைக் குத்திவிட்டுப் போனார். வீட்டு முன்னால் கம்பத்தில் வெள்ளைத் துணி பறந்தால் அங்கே சோளத்தில் காய்ச்சிய பீர் கிடைக்கும் என்று அர்த்தம். புளிப்பாக, கூழ் மாதிரி இருக்கும். ஒரு டம்ளரை எல்லாரும் கைமாற்றிக் குடிக்கிறார்கள்.

சாப்பாட்டுக்கு நீங்கள் பயப்பட வேண்டியதில்லை, சைவம் என்று எழுதியிருந்தீர்கள். 'பாப்பா' என்பது கெட்டியான மக்காச்சோளக் களி, 'மொரோஹோ' பொடியாக நறுக்கி வதக்கிய கீரை. களியும் கீரையும்தான், வேறென்ன. மூன்றாம் வேளைக்கு அலுத்துவிடும், ஒரு ஊறுகாய் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் திரும்புகிற வழியில் தாபா பொசியு மலைக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். மேலே தட்டையான, தனியாக நிற்கிற குன்று அது. இந்த நாட்டை உருவாக்கிய மன்னர் மொஷ்வேஷ்வே 1824இல் மக்களோடு அங்கே போய்க் குடியேறினார். 1865இல் வந்த போயர் படை (டச்சு வழிவந்த வெள்ளைக் குடியேறிகள்) உட்பட யாராலும் அதைப் பிடிக்க முடியவில்லை. அங்கே வருகிற வழியில்தான் அவருடைய தாத்தா பீட்டேவை நரமாமிசம் தின்கிற கூட்டம் பிடித்துக் கொன்று தின்றுவிட்டது என்பார்கள். பின்னால் அந்தக் கூட்டம் கையில் சிக்கியபோது, 'இவர்கள் வயிறுதான் என் தாத்தாவின் கல்லறை, கல்லறையை யாராவது கலைப்பார்களா?' என்று சொல்லி, நிலமும் மாடும் கொடுத்துக் குடிமக்களாக்கிவிட்டாராம். வழிகாட்டிகள் இதைத் தங்கள் சொந்தத் தாத்தா கதை மாதிரி சொல்வார்கள். மேலேயிருந்து பார்த்தால் கிலோவானே என்ற கூர்மையான குன்று தெரியும். அவர்களுடைய புல் தொப்பி அதைப் பார்த்துச் செய்ததுதான் என்கிறார்கள். கொடியிலும் அந்தத் தொப்பிதான் இருக்கிறது.

மசேருவைத் தனியாகப் பார்க்க ஒன்றும் இல்லை. ராத்திரி நடந்து சுற்ற வேண்டாம். பனிச்சறுக்கு இருக்கிறதாமே என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறது, வடக்கே 3,000 மீட்டருக்கு மேலே, ஆனால் அது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. டிசம்பரில் வெறும் புல்தான்.

இதையெல்லாம்விட முக்கியம் விசா. லெசோத்தோவுக்கு எந்த வழியாகப் போனாலும் திரும்பத் தென்னாப்பிரிக்காவுக்குள் வந்தாக வேண்டும். அதனால் தென்னாப்பிரிக்க விசாவைப் பலமுறை நுழையும் வகையில் வாங்குங்கள். என் நண்பர் ஒருவர் ஒரே ஒரு தடவை நுழையும் விசாவோடு மசேரு பாலம் வரைக்கும் வந்துவிட்டார். எல்லையில் இருந்த அதிகாரி நல்ல மனிதர், 'அந்தப் பக்கம் போனால் திரும்ப விடமாட்டார்கள்' என்று முத்திரை குத்துவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். குடும்பம் மூன்று நாள் அருவி பார்த்தது, அவர் பாலத்துக்கு இந்தப் பக்கம் அறை எடுத்துக் கிரிக்கெட் பார்த்தார். லெசோத்தோவுக்குத் தனியாக விசா வேண்டுமா என்று ஊரிலிருந்து கிளம்பும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

பணம் மாற்ற வேண்டாம், தென்னாப்பிரிக்க ராண்ட் அங்கே அப்படியே செல்லும், அவர்கள் பணமான லோட்டி ஒன்றுக்கு ஒரு ராண்ட் (பன்மையில் மலோட்டி). ஆனால் மீதிச் சில்லறையை மலோட்டியாகத்தான் தருவார்கள், அதை ஜொகானஸ்பர்கில் யாரும் வாங்கமாட்டார்கள். கடைசி நாள் அத்தனையையும் செலவழித்துவிடுங்கள். எங்கள் வீட்டு மேசை டிராயரில் முந்நூறு மலோட்டி இன்னும் கிடக்கிறது. போகும்போது சொல்லுங்கள், தருகிறேன்.