வலிக்காத கண்ணையும் காட்டுங்கள்: சேலம் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

சேலத்தில் கண் பரிசோதகராக இருக்கிறேன். முகாம் நாட்களில் ஏற்காட்டு மலைக் கிராமங்களுக்கும் போவதுண்டு. மருந்தையும் அறுவை சிகிச்சையையும் முடிவு செய்ய வேண்டியவர் கண் மருத்துவர். அவரிடம் யார், எப்போது போக வேண்டும், போனால் என்ன பார்ப்பார்கள் என்பதை என்னால் சொல்ல முடியும். வந்த கேள்விகளில் பல, ‘கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாமா’ என்றே முடிந்திருந்தன. ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாதவற்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (நாகலூர் பக்கம், எஸ்டேட் தொழிலாளியின் மனைவி): கவாத்து வேலையில் காப்பிக் கிளை தெறித்து என் வீட்டுக்காரருக்குக் கண்ணில் பட்டுவிட்டது. நான்கு நாளாகச் சிவந்து நீர் வடிகிறது. முதலில் தாய்ப்பால் விட்டோம். பிறகு மருந்துக் கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டோம். சிவப்பு குறைந்தது. ஆனால் நேற்றிலிருந்து வெளிச்சத்தையே பார்க்க முடியவில்லை என்கிறார். இன்னும் இரண்டு நாள் பார்க்கலாமா?

வேண்டாம் அம்மா. இன்றைக்கே அவரை அழைத்துக்கொண்டு மலையிறங்குங்கள். ஏற்காடு அரசு மருத்துவமனையில் காட்டிவிட்டு அவர்கள் அனுப்பும் இடத்துக்குப் போனாலும் சரி, நேராகச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவுக்குப் போனாலும் சரி. கடையில் வாங்கிய மருந்து பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். அதை இனி ஒரு சொட்டும் விடாதீர்கள்.

இலையோ குச்சியோ பட்டுக் கருவிழியில் கீறல் விழுந்தால், அந்த வழியாகப் பூஞ்சைக் கிருமி உள்ளே போய்விடும். நம் பக்கத்து விவசாய வேலைகளில் கண்ணில் புண் வருவதற்கு இது முக்கியமான காரணம். பூஞ்சைப் புண் மெதுவாகத்தான் வளரும். அதனால்தான் முதல் சில நாட்களில் ‘சரியாகிவிடும்’ என்று தோன்றுகிறது. கடைகளில் சீட்டு இல்லாமல் எடுத்துக் கொடுக்கும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அது சிவப்பையும் எரிச்சலையும் அடக்கிவிடும், பூஞ்சைக்கோ இன்னும் வசதியாகிவிடும். நீங்கள் எழுதியிருப்பதில் என்னை அதிகம் பயமுறுத்துவது ‘சிவப்பு குறைந்தது’ என்ற வரிதான்.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள் என்று தெரிந்துகொண்டால் அவருக்குப் பயம் குறையும். சாயம் தோய்ந்த சிறு தாளை இமைக்குள் தொட்டு எடுத்துவிட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்பார்கள். காயம்பட்ட இடம் மட்டும் பச்சையாக மின்னும். புண் இருந்தால், கண்ணை மரத்துப்போகச் செய்துவிட்டு அதன் மேலிருந்து துளி சுரண்டி நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பார்கள். பூஞ்சையா பாக்டீரியாவா என்று அதில் தெரிந்துவிடும். பூஞ்சை என்றால் நாட்டாமைசின் என்ற சொட்டு மருந்தை ஆரம்பத்தில் மணிக்கொரு முறை விட வேண்டியிருக்கும். சிகிச்சை வாரக்கணக்கில் நீளும். வலி குறைந்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். கூலி போகிறது, இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏற வேண்டும், பஸ் செலவு வேறு. கஷ்டம் புரிகிறது. ஆனாலும் பாதியில் நிறுத்தினால் புண் மறுபடி கிளம்பும். ஆறிய பிறகும் தழும்பு நடுக் கருவிழியில் நின்றுவிட்டால், ஊரில் ‘பூ விழுந்துவிட்டது’ என்று சொல்கிறார்களே, அந்த நிலைதான். அதற்குப் பிறகு பார்வை வேண்டுமென்றால் தானமாகக் கிடைத்த கருவிழியைப் பொருத்துவது ஒன்றே வழியாகலாம்.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச் சாறு எதுவும் அடிபட்ட கண்ணுக்கு வேண்டாம். அவற்றோடு கிருமியும் உள்ளே போகும். கவாத்துக்கும் மிளகு பறிப்புக்கும் போகிறவர்களுக்குச் சாதாரண பிளாஸ்டிக் பாதுகாப்புக் கண்ணாடி போதும். அதை வாங்கிக் கொடுப்பது எஸ்டேட் நிர்வாகத்தின் கடமை என்றே நான் நினைக்கிறேன்.

கேள்வி (ஆத்தூர், இல்லத்தரசி): மாமியார் வெற்றிலை போடுவார். என் மகனுக்கு மூன்று வயது. சுண்ணாம்பு டியூபை எடுத்து அமுக்கி விளையாடுகிறான். கண்ணில் பட்டுவிட்டால் என்ன செய்வது?

தண்ணீர். உடனே, அந்த இடத்திலேயே. குழாயடியில் தலையைச் சாய்த்து, இமையை விரித்துப் பிடித்து, அரை மணி நேரம் விடாமல் கழுவுங்கள். குழந்தை கத்தினாலும் நிறுத்த வேண்டாம். சுண்ணாம்பு காரம், கண்ணின் ஆழம் வரை அரித்துக்கொண்டே போகும். எலுமிச்சை, பால், நெய் எதையும் தேடி ஓடாதீர்கள். கழுவிய பிறகு மருத்துவமனை. இமைக்கு அடியில் ஒட்டியிருக்கும் துணுக்குகளை அங்கேதான் எடுக்க முடியும். மாமியாரிடம் சொல்லி அந்த டியூபை இன்றே உயரமான அலமாரிக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி (வாழப்பாடி, இளம் தாய்): குழந்தை 32 வாரத்திலேயே பிறந்துவிட்டது. எடை 1,600 கிராம். இப்போது 22 நாள் ஆகிறது. கண் பரிசோதனை செய்யச் சொன்னார்கள். கண் நன்றாகத்தானே இருக்கிறது, நாற்பது நாள் கழித்துப் போகலாம் என்கிறார் அம்மா.

தீட்டுக் கழியும் வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே போங்கள். 34 வாரத்துக்கு முன்னால் பிறந்த குழந்தைக்கும், 2,000 கிராமுக்குக் குறைவான குழந்தைக்கும் பிறந்து 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும். குறைமாதத்தில் பிறந்தால் விழித்திரையின் ரத்தக் குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. பிறகு அவை தாறுமாறாக வளர்ந்து திரையையே பிய்த்து இழுத்துவிடக் கூடும். வெளியிலிருந்து பார்த்தால் கண் பளிச்சென்றுதான் இருக்கும். நேரத்தில் கண்டுபிடித்தால் லேசர் சிகிச்சையிலேயே காப்பாற்றிவிடலாம். தாமதித்தால் அந்த வாய்ப்பு போய்விடும். அம்மாவையும் கூட அழைத்துப் போங்கள். மருத்துவர் சொன்னால் கேட்டுக்கொள்வார்.

கேள்வி (சூரமங்கலம், ஓய்வுபெற்ற ஆசிரியர்): கண் முன்னால் கொசு பறப்பது போலத் தெரிகிறது.

பல வருடமாக ஒன்றிரண்டு தெரிந்தால் பெரும்பாலும் வயதின் விளைவுதான், ஐயா. திடீரென்று நிறையத் தெரிந்தாலோ, மின்னல் வெட்டினாலோ, ஒரு பக்கத்திலிருந்து கறுப்புத் திரை இறங்கினாலோ அது விழித்திரை கிழிவதன் அறிகுறியாக இருக்கலாம். அன்றைக்கே போக வேண்டும்.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை, கொலுசுத் தொழிலாளி, வயது 43): சலங்கை கோக்கிற வளையம் இரண்டாகத் தெரிகிறது. பஜாரில் ரெடிமேட் கண்ணாடி வாங்கினேன், தலைவலிதான் மிச்சம்.

உங்களுக்கு வந்திருப்பது வெள்ளெழுத்தாக இருக்கும் அண்ணே. நாற்பதைத் தாண்டினால் எல்லோருக்கும் வருவது. ஆனால் உங்கள் தொழிலில் ஒரு சிக்கல் இருக்கிறது. கண் பரிசோதனையில் கிட்டப் பார்ப்பதற்கு, செய்தித்தாள் படிக்கும் தூரத்தை வைத்துத்தான் பவர் கணக்கிடுவார்கள். நீங்களோ கொலுசை முகத்துக்கு இன்னும் பக்கத்தில் வைத்துப் பற்றவைக்கிறீர்கள். அந்தத் தூரத்துக்கு அதிக பவர் வேண்டும். பட்டறையிலிருந்து ஒருவர் பாதி முடிந்த கொலுசையும் குறட்டையும் பரிசோதனைக்கே கொண்டுவந்து, நாற்காலியில் உட்கார்ந்தபடி வேலை செய்து காட்டினார். கண்ணிலிருந்து கொலுசு வரை டேப்பை வைத்து அளந்து கண்ணாடி எழுதிக் கொடுத்தோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ரெடிமேட் கண்ணாடியில் இரண்டு பக்கமும் ஒரே பவர்தான் இருக்கும். உங்கள் இரண்டு கண்ணும் ஒரே மாதிரி இருக்க வேண்டிய கட்டாயமில்லையே. ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தாலும் வளையம் இரண்டாகத் தெரிகிறதா என்றும் கவனித்துப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். போன கையோடு கண் அழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி (அம்மாபேட்டை, பட்டு நெசவாளர்): எனக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை. அறுந்த இழையை இன்னும் நானேதான் முடிகிறேன். பார்வை நன்றாக இருக்கும்போது கண் மருத்துவர் எதற்கு?

பார்வை நன்றாக இருக்கும்போது போவதுதான் அக்கா பயன். சர்க்கரை நோயில் விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கினாலும், கசிவு நடுப் பகுதியைத் தொடும் வரை உங்களுக்கு ஒன்றும் தெரியாது. வலியும் இருக்காது. ‘மங்குகிறது’ என்று நீங்கள் வரும்போது உள்ளே பல காலம் நடந்து முடிந்திருக்கும். லேசரும் கண்ணுக்குள் போடும் ஊசியும் மேலும் கெடாமல் தடுப்பதில் கெட்டி. போனதை முழுதாகத் திருப்பிக் கொண்டுவர அவற்றால் எப்போதும் முடிவதில்லை. பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை நோயில், அது தெரியவந்த உடனேயே ஒரு முறையும் பிறகு வருடத்துக்கு ஒரு முறையும் விழித்திரையைப் பார்க்க வேண்டும். நீங்கள் எட்டு வருடமாகப் போகவில்லை என்றால் இந்த மாதமே போங்கள். கண் பாப்பா விரிய மருந்து விடுவார்கள், சில மணி நேரம் கண் கூசும், எழுத்து மங்கும். அன்றைக்குத் தறியில் உட்கார முடியாது. திரும்பி வர யாரையாவது துணைக்கு அழைத்துப் போங்கள். ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வையுங்கள், அதுவும் அதே குழாய்களைத்தான் தாக்குகிறது.

கேள்வி (குகை, மகன்): அம்மாவுக்கு 68 வயது. புரை முற்றட்டும், கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவும் முடியட்டும் என்கிறார்.

திருவிழா முடியட்டும், அதில் தவறில்லை. முற்றுவதற்காகக் காத்திருக்க வேண்டாம். அந்தக் காலத்து அறுவை சிகிச்சைக்குப் புரை முற்றியிருப்பது வசதியாக இருந்தது. இப்போது சிறு துளை வழியாகப் புரையை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைக்கிறார்கள். அன்றாட வேலைக்குப் பார்வை இடைஞ்சல் செய்தால் அதுவே சரியான நேரம். அதிகம் முற்றினால் அறுவை சிகிச்சை கடினமாகும். சிலருக்குக் கண் அழுத்தம் ஏறிக் கடும் வலியும் வரும். வெயில் காலத்தில் செய்யக் கூடாது என்பதற்கும் ஆதாரம் கிடையாது. புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து என்று யார் விற்றாலும் வாங்காதீர்கள், அப்படி ஒன்று இல்லை. அம்மா இரவில் பாத்ரூம் போகும்போது தடுமாறுகிறாரா என்று மட்டும் கவனியுங்கள். விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், புரையைவிடப் பெரிய துன்பம் அது.

கேள்வி (அஸ்தம்பட்டி, தந்தை): ஆறாம் வகுப்பு மகளுக்குக் கிட்டப்பார்வை. இப்போதே கண்ணாடி போட்டால் பவர் ஏறும், பெண் பிள்ளை வேறு என்று உறவினர்கள் சொல்கிறார்கள்.

கண்ணாடி போடுவதால் பவர் ஏறாது. வளர்கிற வயதில் கண்ணும் நீள்வதால் ஏறுகிறது. கண்ணாடி போடாவிட்டாலும் ஏறும், கரும்பலகை மட்டும் தெரியாது. தெரியாததைக் குழந்தை சொல்லாது, எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்ளும். பிறகு மதிப்பெண் குறையும், திட்டு வாங்கும். தினமும் இரண்டு மணி நேரம் வெளியில் வெளிச்சத்தில் விளையாடட்டும். கிட்டப்பார்வை வருவதைக் குறைக்க அது உதவுகிறது என்று ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. வருடம் ஒரு முறை பவரைச் சரிபாருங்கள். உறவினர்களுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, மகளிடம் ‘கண்ணாடி உனக்கு நன்றாக இருக்கிறது’ என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி (தாரமங்கலம், கல்லூரி மாணவர்): மெட்ராஸ் ஐ வந்தவரைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளுமா?

பார்ப்பதால் ஒட்டாது, கையால் ஒட்டும். துண்டையும் தலையணையையும் தனியாக வைத்து, சோப்புப் போட்டு அடிக்கடி கை கழுவினால் போதும். பெரும்பாலும் வைரஸ்தான், ஓரிரு வாரத்தில் தானாக அடங்கும். பார்வை மங்கினாலோ வலித்தாலோ மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி (சங்ககிரி, லாரி ஓட்டுநர், வயது 41): அப்பாவுக்குக் கண் நீர் அழுத்த நோய். ஒரு கண் போய்விட்டது, மறு கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறார். எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. நானும் பார்க்க வேண்டுமா?

அவசியம் பார்க்க வேண்டும். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் உங்களுக்கும் வர வாய்ப்பு பல மடங்கு அதிகம். கண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம் பார்வை நரம்பை அரிக்கிறது. முதலில் போவது பக்கவாட்டுப் பார்வை. நேரே பார்க்கும் எழுத்தும் மைல்கல்லும் தெளிவாகவே தெரிவதால் நமக்குச் சந்தேகம் வருவதில்லை. இடப்பக்கம் புகுந்து வரும் இரு சக்கர வண்டி தெரியாமல் போகும், அவ்வளவுதான் வித்தியாசம். உங்கள் தொழிலில் அது எவ்வளவு பெரியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இழந்த பார்வை திரும்பாது. இருப்பதை வாழ்நாள் முழுக்கச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம்.

அழுத்தம் மட்டும் பார்த்துவிட்டு ‘நார்மல்’ என்றால் திரும்பிவிடாதீர்கள். 10 முதல் 21 வரை சாதாரணம் என்பார்கள், ஆனால் அதற்குள் இருந்தும் நரம்பு கெடுகிறவர்கள் இருக்கிறார்கள். ‘அப்பாவுக்கு இந்த நோய் இருக்கிறது’ என்று முதலிலேயே சொல்லி, நரம்பையும் பார்வைப் புலத்தையும் (நேரே பார்க்கும்போது சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்பதையும்) சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். புலச் சோதனை ஒரு கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டு, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்துவது. சோர்ந்து போய் உட்கார்ந்தால் முடிவு தப்பாக வரும். அதனால் இரவு முழுக்க வண்டி ஓட்டிவிட்டுக் காலையில் வராமல், ஒரு நல்ல தூக்கம் போட்டுவிட்டு வாருங்கள். அண்ணன் தம்பி, அக்கா தங்கை இருந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள்.