பிணங்களோடு பேசப் பிடித்தவருக்கு

அன்புள்ள எழுத்தாளருக்கு,

சென்ற மாதம் பால்டர்ஸ் கேட் 3 என்ற, பாத்திரமேற்று ஆடும் கணினி விளையாட்டை ஆடி முடித்தேன். நூறு மணி நேரத்துக்கு மேல் அந்த உலகத்திலேயே இருந்திருக்கிறேன். முடித்த மறுநாள் இரவு என்ன செய்வதென்றே தெரியவில்லை. சரி, இந்த வகையின் பழைய கிளாசிக்குகளுக்குப் போவோம் என்று 1998இல் வந்த முதல் பால்டர்ஸ் கேட்டைப் போட்டேன். மூன்றாம் பாகத்தில் ஆடியது போலவே மந்திரவாதிப் பாத்திரம். பிரெண்ட்லி ஆர்ம் விடுதிக்குப் போ என்றார்கள், போனேன். வாசல் படிக்கட்டில் ஒருவன் வந்து பேச்சுக் கொடுத்தான். அடுத்த நிமிடம் நான் பிணம். ஏழு முறை இதே கதை. அதன் பிறகு தொடவில்லை.

இப்போது கையில் நான்கு இருக்கின்றன: அல்டிமா 4, பால்டர்ஸ் கேட் 2, பிளேன்ஸ்கேப்: டார்மென்ட், மோரோவிண்ட். வெளிவந்த வரிசையில்தான் ஆட வேண்டுமா? ஒரு நல்ல விளையாட்டைத் தவறான நேரத்தில் தொட்டு வீணாக்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. தினமும் இரவு ஒரு மணி நேரம் கிடைக்கும். சண்டைகளில் பெரிய ஈடுபாடு இல்லை. மூன்றாம் பாகத்தில் எனக்கு மிகப் பிடித்தது பிணங்களோடு பேசும் மந்திரம்தான். வழியில் கிடக்கும் ஒவ்வொரு பிணத்தையும் எழுப்பிக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

பிளேன்ஸ்கேப்: டார்மென்ட் ஆடுங்கள். உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளை வாசித்ததுமே எனக்கு முடிவாகிவிட்டது. காரணங்களைச் சொல்கிறேன். அதற்கு முன் அந்தப் படிக்கட்டைப் பற்றிப் பேசிவிடலாம். நீங்கள் அங்கே தோற்றது உங்கள் குறையால் என்று நினைத்துக்கொண்டிருப்பது கடிதத்தில் தெரிகிறது.

அவன் பெயர் டார்னெஷ். உங்களைக் கொல்லக் கூலி வாங்கியவன். முதலில் தன்னைப் போலவே சில பிம்பங்களை உருவாக்கிக்கொள்வான், அப்புறம் உங்கள் கூட்டத்தை மிரண்டு ஓடவைக்கும் மந்திரத்தைப் போடுவான். மூன்றாம் பாகத்தில் முதல் லெவல் மந்திரவாதிக்கே எத்தனை முறை வேண்டுமானாலும் போடக்கூடிய சிறு மந்திரங்கள் உண்டு. 1998இல் அப்படி இல்லை. அது, மேசையில் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் இரண்டாம் பதிப்பு விதிகளில் ஓடுவது. மந்திரவாதிக்கு முதல் லெவலில் ஒரு நாளைக்கு ஒரு மந்திரமோ இரண்டோதான். ஹிட் பாயிண்ட், அதாவது எவ்வளவு அடி தாங்குவான் என்பது, நான்கு பக்கப் பகடையின் கணக்கு. உடல்வலு எவ்வளவு இருந்தாலும் ஆறைத் தாண்டாது. ஒரு வாள்வெட்டு போதும். போதாததற்கு, அடி படுமா என்பதைத் தீர்மானிக்க 'தாக்கோ' என்ற ஒரு எண், கவசத்துக்கு இன்னொரு எண், இரண்டுமே குறையக் குறைய நல்லது என்று தலைகீழாக ஒரு கணக்கு. இதையெல்லாம் அந்த விளையாட்டு உங்களுக்குச் சொல்லித் தராது. பெட்டிக்குள் வைத்திருந்த தடித்த கையேட்டை வாசித்துவிட்டுத்தான் வருவீர்கள் என்று நம்பிச் செய்யப்பட்டது அது.

என்றைக்காவது திரும்பிப் போனால், மந்திரவாதியால் வில் ஏந்த முடியாது, ஏந்தக்கூடிய தோழர்கள் எல்லார் கையிலும் வில்லைக் கொடுங்கள். அந்த விளையாட்டில் வில்லுக்கு ஒரு சுற்றுக்கு இரண்டு அம்பு. டார்னெஷ் மந்திரத்தை உச்சரிக்கத் தொடங்கும்போது ஓர் அம்பு தைத்தால் மந்திரம் கலைந்துவிடும். கூடவே வரும் இமோயன் பையில் ஒரு மந்திரக்கோல் இருக்கிறது, அதையும் பயன்படுத்துங்கள். ஆனால் இப்போது போக வேண்டாம்.

வெளிவந்த வரிசை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பால்டர்ஸ் கேட் ஒன்றும் இரண்டும் மட்டும்தான் ஒரே கதையின் தொடர்ச்சி. மற்றவற்றுக்கு வரிசை எதுவும் தேவையில்லை. வரிசையைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. இன்றைய பெரிய விளையாட்டுகள் எல்லாருக்கும் எல்லாமும் வைத்திருக்கும். சண்டை பிடித்தவருக்குச் சண்டை, பேச்சு பிடித்தவருக்குப் பேச்சு, சுற்றித் திரிபவருக்கு ஒரு பெரிய வரைபடம். பழையவை அப்படியில்லை. எது தங்களுக்கு முக்கியமோ அதிலேயே முழுக்க இறங்கி, மற்றதை அரைகுறையாக விட்டுவிடும்.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1999 டிசம்பரில் பிளாக் ஐல் நிறுவனம் உருவாக்கிய டார்மென்ட் வந்தது. பயோவேர் உருவாக்கிய அதே இன்ஃபினிட்டி எஞ்சின் என்ற அடிப்படை மென்பொருளில், அதே விதிகளை வைத்து, சுமார் அரை வருடம் கழித்து அதே நிறுவனத்திலிருந்து ஐஸ்விண்ட் டேல் வந்தது. இரண்டின் திரைக்காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி போலத் தெரியும். ஆடிப் பார்த்தால் சம்பந்தமே இருக்காது. ஐஸ்விண்ட் டேலில் ஆறு பேரையும் நீங்களே உருவாக்கி, பனிமலைக் குகைகளில் அறை அறையாகச் சண்டை போட்டுக்கொண்டே போவீர்கள். டார்மென்ட்டில் பெரும்பாலான நேரம் வாசித்துக்கொண்டிருப்பீர்கள். 'சிறந்த நூறு' பட்டியல்களை மட்டும் நம்பிப் போனால் ஏமாற்றம்தான். அதனால் யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கடைசியாக ஆடியதில் எந்த இடத்தில் தூக்கத்தை மறந்தீர்கள்? நான் கேட்பதற்கு முன்னாலேயே நீங்கள் பதில் சொல்லிவிட்டீர்கள். பிணங்கள்.

டார்மென்ட் ஒரு பிணவறையில் தொடங்குகிறது. கல்மேடை ஒன்றில் நீங்கள் கண்விழிக்கிறீர்கள். உடம்பெல்லாம் தழும்பு, பெயர் நினைவில்லை. மோர்ட் என்ற மண்டையோடு காற்றில் மிதந்துவந்து பேச ஆரம்பிக்கிறது. உங்கள் முதுகில் பச்சை குத்தியிருப்பதை அதுதான் படித்துக் காட்டும். குத்தியது உங்களுக்காக நீங்களே விட்டுவைத்த குறிப்பு. சுற்றிலும் சவங்கள் நடமாடிக்கொண்டிருக்கும். செத்த பிறகு உடம்பைத் தருகிறேன் என்று உயிரோடிருக்கும்போதே ஒப்பந்தம் போட்டுக் காசு வாங்கியவர்கள். இப்போது கூலியாட்களாக வேலை செய்கிறார்கள். நெற்றியில் எண், சிலருக்கு உதடுகள் தைக்கப்பட்டிருக்கும். அவர்களில் ஒவ்வொருவரையும் நின்று உற்றுப் பார்க்கலாம். பார்த்தால் ஒரு பத்தி வரும்: தையல் எப்படி, தோல் எப்படி, கையில் என்ன. கதைக்கு அவசியமே இல்லாத பத்திகள். ஆனால் யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். இதன் தலைமை வடிவமைப்பாளர் கிரிஸ் அவலோன். இந்த வகை விளையாட்டுகளில் சொல் மீது இவ்வளவு நம்பிக்கை வைத்த இன்னொன்றை நான் ஆடியதில்லை.

இன்னொன்றும் உங்களுக்குத் தோதாக இருக்கும். இதன் நாயகனுக்குச் சாவு கிடையாது. சண்டையில் விழுந்தால் பெரும்பாலும் வேறோர் இடத்தில் எழுந்துவிடுவான், கதை அங்கிருந்து தொடரும். சில சிக்கல்களுக்குச் சாவதே வழி. படிக்கட்டில் ஏழு முறை செத்தவருக்கு இது பெரிய ஆறுதல்.

ஒரு விஷயத்தில் மட்டும் என் பேச்சைக் கேளுங்கள். முதல் முறை ஆடும்போது நான் வழக்கம்போல வலிமையான போர்வீரனை உருவாக்கினேன். பலத்துக்கு 18, அறிவுக்கும் ஞானத்துக்கும் ஒன்றும் சேர்க்கவில்லை. ஹைவ் என்ற சேரிப் பகுதியில் ஒரு மதுக்கடை இருக்கிறது. உள்ளே ஒரு மனிதன் எரிந்துகொண்டே அந்தரத்தில் மிதப்பான். அங்கேதான் டக்கான் என்ற கிழவர் உங்களோடு சேர்வார். அவரிடம் வட்ட வட்டமான கல்வளையங்களால் ஆன ஒரு பொருள் உண்டு, அது அவருடைய இனத்தின் வேதம். அவரிடம் அதைக் கேட்டு வாங்கி, வளையத்தைத் திருகினால் ஒரு தகடு வெளிவரும், அதில் ஒரு கதை. வாசித்துவிட்டு வந்தால் டக்கான் கேட்பார்: இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்? நீங்கள் சொல்லும் பதில் அவருக்கு ஏற்றதாக இருந்தால் அடுத்த வளையத்தைத் திறக்கும் விதத்தைச் சொல்லித் தருவார். என் போர்வீரனுக்கு ஆரம்பத்திலேயே அது நின்றுபோனது. பதில் சொல்லும் அளவுக்கு அவனுக்கு ஞானம் இல்லை, சரியான வரி திரையில் வரவே இல்லை. பல வருடம் கழித்து ஞானத்தை 18 ஆக்கி மறுபடி ஆடினேன். அந்தக் கதைகள் ஒவ்வொன்றாகத் திறந்து, ஒரு கட்டத்தில் கற்றுத்தருபவரின் நம்பிக்கையே ஆட்டம் காண்பதைப் பார்த்தேன். குரு சீடன் உறவை இத்தனை நுட்பமாகக் காட்டிய இன்னொரு விளையாட்டு எனக்குத் தெரியாது. முதல் முறை அது என் கண்ணிலேயே படவில்லை என்பதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

ஆகவே கணக்கைச் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் எல்லாக் குணங்களும் 9இல் இருக்கும், பகிர்ந்துகொள்ள 21 புள்ளி தருவார்கள். ஞானத்துக்கு 9, அறிவுக்கு 7, மிச்சம் ஐந்தை வசீகரத்துக்குக் கொடுங்கள். சண்டையில் அடி வாங்குவீர்கள், பரவாயில்லை. ஞானம் ஏறினால் மறந்துபோன பழைய பிறவிகளின் நினைவுகள் திரும்பும், அனுபவப் புள்ளிகளும் கூடுதலாக வரும்.

குறையையும் சொல்ல வேண்டும். இதன் சண்டை சுமார்தான், பல இடங்களில் வெறும் தள்ளுமுள்ளு. சிகில் என்ற அந்த நகரம் ஒரு வளையத்தின் உட்புறத்தில் கட்டப்பட்டது, சரியான சாவி கையில் இருந்தால் எந்தக் கதவும் வேறொரு உலகத்துக்குத் திறக்கும். அந்த நகரத்தைத் தாண்டி வெளியே போனதும் எழுத்து மெலிந்து சண்டை கூடிவிடும். அங்கே சலிப்புத் தட்டினால் கஷ்ட அளவைக் கீழே இறக்கிவிட்டு நடந்துவிடுங்கள், முடிவு அதற்கெல்லாம் தகுதியானது. 2017இல் வந்த என்ஹான்ஸ்டு எடிஷனையே எடுங்கள். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். இரவில் வாசிக்கும் கண்ணுக்கு அது முக்கியம்.

ஒரு மணி நேரம்தான் கிடைக்கும் என்று தயங்க வேண்டாம். இதில் ஒரு உரையாடல் ஒரு இரவுக்குப் போதும்.

மோரோவிண்டை அந்த ஒரு மணி நேரக் கணக்கில் ஆட வேண்டாம் என்றுதான் சொல்வேன். 2002இல் பெதஸ்டா வெளியிட்டது. எங்கே போக வேண்டும் என்று வரைபடத்தில் அம்புக்குறி எதுவும் காட்டாது. பாலத்தைத் தாண்டி, இரண்டாவது பிரிவில் கிழக்கே திரும்பி, பாறைக்கு அந்தப் பக்கம் என்கிற மாதிரி வாயால் வழி சொல்வார்கள், அது உங்கள் குறிப்பேட்டில் ஏறும். அதை வைத்துத் தேடிப் போக வேண்டும், வழி தவற வேண்டும், தவறிய இடத்தில் ஒரு கல்லறையைக் கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் அதன் சுகம். முதல் ஊரைத் தாண்டியதும் வானத்திலிருந்து ஒருவன் அலறிக்கொண்டே உங்கள் முன்னால் விழுந்து சாவான். அவன் சட்டைப்பையில் மூன்று சுருள்கள் இருக்கும். ஒன்றை வாசித்துவிட்டுத் தாவினால் தீவின் பாதியைக் கடந்து பறப்பீர்கள். தரையைத் தொடும் முன் இரண்டாவதை வாசிக்கத் தவறினால் அவன் கதிதான் உங்களுக்கும். இதையெல்லாம் அவசரமில்லாமல் செய்ய ஒரு முழு விடுமுறை வேண்டும். அப்படியொன்று வரும் வரை வைத்திருங்கள்.

பால்டர்ஸ் கேட் 2, டார்மென்ட்டுக்கு அடுத்தது. முதல் பாகத்தை முடிக்காமலேயே தொடங்கலாம், முன்கதை விளங்கும். அதில் லெவல் ஏறியேதான் ஆரம்பிப்பீர்கள், ஒரே வெட்டில் சாக மாட்டீர்கள். ஆரம்பச் சிறையைத் தாண்டி ஆத்கட்லா நகரத்துக்கு வந்ததும் இருபதாயிரம் பொற்காசு சேர்க்கச் சொல்வார்கள். அந்தக் காசுக்காக ஊர் ஊராக அலையும் பகுதிதான் அதன் உச்சம். நீங்கள் மூன்றாம் பாகத்தில் நேசித்த தோழர் கதைகளின் வேர் அங்கே இருக்கிறது.

அல்டிமா 4 பற்றி ஒரு பத்தியில் முடிப்பது எனக்குக் கஷ்டம். 1985இல் ரிச்சர்ட் கேரியட் செய்தது. கொல்ல வேண்டிய பெரிய வில்லன் கிடையாது. நேர்மை, கருணை, பணிவு என்று எட்டு நற்குணங்களில் நிறைவு பெற வேண்டும். மூலிகை விற்கும் கண் தெரியாத பெண்மணி, எவ்வளவு காசு வைக்கிறீர்கள் என்பதை உங்களிடமே விட்டுவிடுவாள். குறைத்து வைத்தால் அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். விளையாட்டு உள்ளுக்குள் குறித்துக்கொள்ளும். ஆனால் விசைப்பலகையில் ஒவ்வொரு சொல்லாகத் தட்டிப் பேச வேண்டும், தகவல்களை நோட்டில் நீங்களே எழுதிக்கொள்ள வேண்டும். டார்மென்ட் முடித்த பிறகு அந்த உழைப்புக்குத் தயாராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

சரி, டார்மென்ட்டில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். நகரத்துக்கு அடியில் செத்தவர்களின் தேசம் ஒன்று இருக்கிறது. அங்கே மேரி என்ற சவப்பெண்மணி இருப்பாள். அவளிடம் பொறுமையாகப் பேசினால் பிணங்களோடு பேசும் வித்தையைக் கற்றுத்தருவாள். கற்றதும் நேராக அந்தப் பிணவறைக்கே திரும்பிப் போங்கள். முதல் நாள் நெற்றியில் எண்ணோடு உங்களைக் கடந்து நடந்தவர்களில் சிலர் இப்போது பதில் சொல்வார்கள்.

அன்புடன்.