48 வோல்ட் பேட்டரிக்கு எந்த 48 வோல்ட் சார்ஜரும் போடலாமா?

கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: இ-சைக்கிள் சார்ஜர் பழுது, கடையில் '48 வோல்ட்' என்று வேறொன்று தருகிறார்கள், போடலாமா?

அவசரப்படாதீர்கள். 13 செல் வரிசை லித்தியம் அயான் என்றால் முழுச் சார்ஜ் 54.6 வோல்ட். 16 செல் வரிசை எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை) என்றால் 58.4. இரண்டையும் '48' என்றே விற்பார்கள். 58.4 வோல்ட் சார்ஜரை 54.6 வோல்ட் பேட்டரியில் மாட்டினால் ஒரு செல்லுக்கு 4.2க்குப் பதில் கிட்டத்தட்ட 4.5 வோல்ட் ஏறும். தீப்பிடிக்கும் அபாயம் அங்கேதான். பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட்டான பிஎம்எஸ் தடுக்கும் என்று நம்பிவிடாதீர்கள், அது கடைசி அரண் மட்டுமே.

உப்புக்காற்றில் கனெக்டர் பச்சை பூத்திருந்தால் மாற்றிவிடுங்கள், அந்த இடம் சூடேறும். வெள்ளத்தில் மூழ்கிய பேட்டரியை, காய்ந்த பிறகும் சார்ஜ் போடவே வேண்டாம். தயவுசெய்து, எல்லோரும் தூங்கும்போது வாசலை மறித்து வைத்துச் சார்ஜ் ஏற்றாதீர்கள். தீ வந்தால் பிள்ளைகள் வெளியே ஓட அந்த ஒரு வழிதான்.