மகள் கையில் இருப்பது யார் கொடுத்த ஆணை?

அன்புள்ள அம்மா,

மகளுக்கு அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை வந்திருக்கிறது, ஆனால் ஒப்பந்த வேலை, சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஆணையைக் கொடுத்தது யார் என்பதைப் பொறுத்துத்தான் பதில் சொல்ல முடியும். அதை நீங்கள் எழுதவில்லை.

ஒரே ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்து வேலை பார்க்கும் இரண்டு ஒப்பந்தச் செவிலியர்கள் வேறு வேறு வழியில் வந்திருப்பார்கள். ஒருவர் எம்.ஆர்.பி. எனப்படும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வெழுதி, இடஒதுக்கீட்டு வரிசையில் வந்தவர். இன்னொருவரை, மாவட்ட அளவில் சுகாதாரத் திட்டங்களுக்கு ஆள் எடுக்கும் மாவட்ட நலவாழ்வுச் சங்கம் எடுத்திருக்கும். இந்த இரண்டாவது வகை அறிவிப்பின் கடைசிப் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். ‘முற்றிலும் தற்காலிகமானது, எந்தக் காலத்திலும் பணி நிரந்தரம் செய்யப்பட மாட்டாது’ என்று இருக்கும். அதற்குச் சம்மதம் என்று மகளிடம் கடிதமும் எழுதி வாங்குவார்கள். பெரும்பாலும் 11 மாத ஒப்பந்தம்தான். அப்புறம் புதுப்பிப்பார்கள், புதுப்பிக்காமலும் போகலாம்.

சுகாதாரத் துறை ஏன் இப்படி ஆள் எடுக்கிறது? நிரந்தரப் பணியிடம் உருவாக்க நிதித்துறை ஒப்புதல், அரசாணை என்று நாளாகும். நோயோ புதுத் திட்டமோ அதுவரை காத்திருக்காது. கொரோனா வந்தபோது அவசரமாகச் செவிலியர்களை எடுத்திருக்காவிட்டால் வார்டுகளை நடத்தியிருக்கவே முடியாது. ஆனால் அப்படி வந்தவர்களில் ஆயிரக்கணக்கானோரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிக்கப்பட்டது. மாவட்ட நலவாழ்வுச் சங்கம் மூலம் மாற்று வேலை தருவதாக அரசு சொல்லியும், பலர் போராட்டத்துக்கு வந்தார்கள். நெருக்கடி நேரத்தில் துறை வளைந்து கொடுக்க வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த வளைவின் பாரம் முழுவதையும் 22 வயதுப் பெண்ணின் மேல் ஏற்றுவது நியாயமே இல்லை.

எம்.ஆர்.பி. வழியும் உடனே நிரந்தரம் ஆகிவிடாது. 2015-ல் தேர்வெழுதி வந்தவர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில், அதாவது படிகள் இல்லாத ஒரே மொத்தத் தொகையில், சேர்ந்தார்கள். இரண்டு ஆண்டில் காலமுறை ஊதியம், அதாவது நிரந்தரப் பணியாளருக்கான சம்பளம், என்ற எதிர்பார்ப்பு நிறைவேறாததால் 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். தொகுப்பூதியம் பின்னால் 14,000, அப்புறம் 18,000 என்று உயர்ந்தது. காலியிடம் வரவர, வரிசைப்படி நிரந்தரமாக்குகிறார்கள். காத்திருப்பு நீளம்தான், ஆனாலும் அங்கே ஒரு வரிசை இருக்கிறது. நலவாழ்வுச் சங்க வேலையில் அந்த வரிசையே கிடையாது.

ஆகவே எம்.ஆர்.பி. ஆணை என்றால் தயங்காமல் சேரச் சொல்லுங்கள், ஊர் தள்ளி இருந்தாலும் சரி. சங்கத்தின் ஆணை என்றால், வீட்டிலிருந்து போய்வரும் தூரமாக இருந்தால் மட்டும் சேரட்டும். அனுபவம் கிடைக்கும், எம்.ஆர்.பி. தேர்வுக்கும் படிக்கலாம். அந்தத் தேர்வில் தமிழ் தகுதித் தாள் உண்டு. அதில் தேறாவிட்டால் நர்சிங் தாளைத் திருத்தவே மாட்டார்கள். ஆங்கில வழியில் படித்த பிள்ளை என்றால் இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

வேலை எப்படி இருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று செவிலியர்கள் மாறி மாறிப் பணி பார்ப்பார்கள். ஒருவர் பேறுகால விடுப்பில் போனாலோ, மாற்றுப்பணி என்று வேறு நிலையத்துக்கு அனுப்பப்பட்டாலோ, மீதி இருவர்தான் பகலும் இரவும். பிரசவ அறையில் இரவில் அவள் தனியாக நிற்க வேண்டி வரலாம். ‘இரவுப் பணியில் கூட யார் இருப்பார்கள், தங்க குவார்ட்டர்ஸ் உண்டா’ என்று சேருமுன் அங்கே ஏற்கெனவே வேலை பார்க்கும் செவிலியரிடமே கேட்கட்டும்.

இந்த அரசு வேலை வேண்டாம், தனியார் மருத்துவமனைதான் என்று முடிவானால், அசல் சான்றிதழ்களை அவர்களிடம் விட்டுவைக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டிவிட்டு அன்றே வாங்கி வந்துவிட வேண்டும். நாளை எம்.ஆர்.பி. அழைப்பு வந்தால் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அசல்தான் வேண்டும்.

ஆணையின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து அனுப்புங்கள். சேரக் கொடுத்திருக்கும் கடைசித் தேதியையும் எழுதுங்கள், அதற்குள் பார்த்துச் சொல்கிறேன்.